குளிர்காலத்தில் பள்ளித் தோட்டம்



சில ஆண்டுகளுக்கு முன்பு, அழகர்கோவிலை அடுத்த மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். அப்போது மார்கழி மாதம். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. விடுமுறைக்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. பாடம் கேட்கும் மனநிலையில் பிள்ளைகள் இல்லை. ஆகவே ஆறாம் வகுப்பில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, "குளிர்காலம் என்றதும் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறதோ, அதைப் படமாக வரையுங்கள்" என்றேன்.

அரை மணி நேரத்தில் படங்கள் வந்து சேர்ந்தன. ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் இலை உதிர்ந்த மரம் ஒன்று நின்றது. தரையெல்லாம் வெண்பனி. சரிந்த கூரை, அதன்மேல் ஒரு புகைபோக்கி. ஒரு சிறுவன் தொப்பி அணிந்த பனிமனிதனை மிக அழகாக வரைந்திருந்தான். "தம்பி, இது எந்த ஊர்?" என்று கேட்டேன். சற்றும் தயங்காமல், "அழகர்கோவில்தான் சார்" என்றான்.

அவனுக்குப் பின்னால் சன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு வேலியில் கொடி அவரை ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. பள்ளி முற்றத்து வேம்பு அடர்ந்த நிழல் தந்துகொண்டிருந்தது. அப்பால் வயல்களில் நெல் கதிர் வாங்கி நின்றது. அதற்கும் அப்பால் அழகர்மலை அடிமுதல் முடிவரை பச்சை போர்த்திருந்தது. இவ்வளவும் கண்ணெதிரே இருக்க, அந்தப் பிள்ளை கண்டிராத பனிமனிதனை வரைந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளிர்காலம் என்ற சொல்லோடு அவன் பார்த்த படங்கள் எல்லாம் அப்படிப்பட்டவை. ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்திலும் தொலைக்காட்சியிலும் வரும் குளிர்காலம் வேறு ஒரு நாட்டினுடையது.

படத்தோடு இது நின்றிருந்தால் நான் உங்களிடம் இதைப் பற்றிப் பேச வந்திருக்க மாட்டேன். நம் பள்ளிகளில் தோட்டம் போடுவதும் மரம் நடுவதும்கூட வேறு நாட்டுக் காலக் கணக்கிலேயே நடக்கின்றன. அதனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கன்றுகள் மடிகின்றன. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஐரோப்பாவில் செடிகள் குளிர்காலத்தில் உறங்குகின்றன. நிலம் உறைந்துவிடுகிறது. பகல் சுருங்கி, லண்டன் நகரத்தில் எட்டு மணி நேரத்துக்கும் குறைந்துவிடுகிறது. அங்கே பள்ளித் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், குளிர்காலத்தில் கருவிகளைத் துடைத்து வையுங்கள், விதைப் பொட்டலங்களைத் தரம் பிரியுங்கள், அடுத்த வசந்தத்துக்குத் திட்டம் போடுங்கள் என்று எழுதுவது முற்றிலும் நியாயமே. ஜெர்மனி நாட்டில் பிரோபெல் என்னும் கல்வியாளர் 1840-ஆம் ஆண்டில் தம் குழந்தைப் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் சூட்டினார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென ஒரு சிறு பாத்தி வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தப் பாத்திகளும் மார்கழியில் பனிக்கட்டியின் கீழே கிடந்தவைதாம்.

மதுரைச் சமவெளியின் கதை நேர்மாறானது. ஆனி, ஆடி மாதங்களில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஏராளமான நீராவியைச் சுமந்து வருகின்றது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. காற்று மலைமீது ஏறும்போது குளிர்ந்து, தன் நீரையெல்லாம் கேரளத்துப் பக்கத்தில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வறண்ட காற்று. இறங்க இறங்க வெப்பமும் ஏறுகிறது. நமக்குக் கிடைப்பது அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று மட்டுமே. ஆவணி, புரட்டாசியில் மாலை நேரத்தில் இடியோடு சில நல்ல மழைகள் பெய்து நிலத்தைப் பதப்படுத்தும். பிறகு, அக்டோபர் மாதத்தின் நடுவில் காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்காள விரிகுடாவின் மேலே கடந்து, நீர் சுமந்து நம் கரையை அடைகின்றது. மதுரைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழையில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிய மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. கதிரவனும் தெற்கே சாய்ந்திருக்கிறான், வெயில் தணிகிறது, மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் நீர் ஆவியாவது குறைகின்றது. தை மாதத்து அதிகாலையிலும் இங்கே வெப்பம் 20 டிகிரிக்கு அருகிலேயே நிற்கிறது. உறைபனி என்பதே இல்லை. வேருக்கு ஈரம், இலைக்கு இதமான வெயில். ஒரு செடிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆகவே, மேனாட்டுப் பிள்ளைகளுக்கு வசந்தம் எதுவோ, அது நமக்குக் கூதிரும் முன்பனியும். இந்தப் பெயர்களை நீங்கள் தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்த நம் முன்னோர், ஆவணியில் தொடங்கி இவ்விரண்டு மாதமாக எண்ணினார்கள். அந்தக் கணக்கில் ஆனியும் ஆடியும் எந்தப் பருவத்தில் விழுகின்றன என்று பாருங்கள். முதுவேனில்! வெயில் முற்றிய காலம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த இந்தப் பட்டியலை மண்வெட்டி எடுக்கும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

நம் பள்ளிகளில் மரக்கன்று நடும் நாள் எது? ஜூன் 5. 1972-ஆம் ஆண்டு அந்த நாளில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் மனிதச் சுற்றுச்சூழலைப் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு தொடங்கியது. அதன் நினைவாகவே அது உலகச் சுற்றுச்சூழல் நாளாயிற்று. மற்றொரு விழா வனமகோத்சவம். 1950-ஆம் ஆண்டு, மத்திய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அதைத் தொடங்கிவைத்தார். அது ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. டெல்லிக்கு அது பொருத்தமான வாரம். அங்கே அப்போது மழை இறங்குகிறது. மதுரைக்கோ அது காற்றும் புழுதியும் பறக்கும் முதுவேனில்.

மதுரைச் சமவெளியில் வேறொரு பள்ளி. பெயர் வேண்டாம், இப்படிப்பட்ட பள்ளிகள் பல. ஒரு ஜூன் 5-ஆம் நாள் அங்கே 40 கன்றுகள் நட்டார்கள். நானும் ஒரு கன்றுக்கு மண் தள்ளினேன். மறுபடியும் புரட்டாசியில் அந்தப் பக்கம் போனபோது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் அவற்றைக் காட்டச் சொன்னேன். மூன்று கன்றுகள் உயிரோடு இருந்தன. மற்ற இடங்களில் காய்ந்த குச்சியும், சில இடங்களில் குழியும் மட்டுமே இருந்தன. "தண்ணீர் விடவில்லையா, அம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "அது போட்டோ எடுக்க நட்டது சார்" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. தான் கண்டு அறிந்த உண்மையைச் சொன்னாள். மரம் நடுவது என்பது நட்டுவிட்டு மறந்துபோகும் ஒரு சடங்கு என்று மூன்று ஆண்டுகளாக அந்தப் பள்ளி அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. நான் மேலே சொன்ன பெரிய நஷ்டம் இதுவே. கன்றுக்கு மாற்றுக் கன்று வாங்கிவிடலாம்.

அப்படியானால் ஜூன் மாதத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று கேட்பீர்கள். வேண்டாம். அது விதையின் மாதம். வேப்பம்பழம் ஆனி, ஆடியில் உதிர்கின்றது. வேப்ப விதையின் முளைக்கும் ஆற்றல் சில வாரங்களுக்குள் மங்கிவிடும். அடுத்த ஆண்டுக்கென்று சேமித்து வைப்பதில் பயனில்லை. நாவற்கொட்டையும் அவ்வாறே. பழத்தைத் தின்ற கையோடு கொட்டையைக் கழுவி மண் நிரப்பிய பையில் ஊன்றிவிட வேண்டும். நூறு பைகளை ஒரே நிழலில் அடுக்கி வைத்தால், ஒரு வாளித் தண்ணீரில் நூறும் நனையும். நூறு குழிகளுக்குத் தனித்தனியே நீர் சுமப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று, நான்கு மாதங்களில் ஐப்பசி வந்துவிடும். முதல் இரண்டு மழைகள் பெய்து, மண்ணில் ஒரு சாண் ஆழம்வரை ஈரம் இறங்கியபின், பையைக் கிழித்துக் கன்றை நட்டால், தை முடிவதற்குள் வேர் நன்றாகக் கீழே ஓடிவிடும். ஜூன் 5-ஆம் நாளை விதை ஊன்றும் விழாவாகவும், ஐப்பசியில் ஒரு நாளைக் கன்று நடும் விழாவாகவும் வைத்துக்கொள்வதில் யாருக்கும் இடையூறு இல்லை. போட்டோவும் இரண்டு முறை எடுக்கலாம்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி இருக்கிறதே என்று உங்களில் சிலர் மடக்கக்கூடும். நல்ல கேள்வி. கிணற்று நீரோ கால்வாய் நீரோ உள்ள உழவருக்கு ஆடி நல்ல பட்டம். ஆடியில் நீர் கொடுத்து முளைக்கவைத்த பயிருக்கு ஐப்பசி மழை நடு வயதில் வந்து உதவும். ஆனால் நம் உழவர் ஆடியோடு நிறுத்திவிடவில்லை. புரட்டாசிப் பட்டம், தைப்பட்டம் என்றும் வகுத்து வைத்திருக்கிறார்கள். மானாவாரிக் கரிசலில் புரட்டாசி மழையைப் பார்த்தே விதைக்கிறவர்கள் பலர். நீர் வசதி குறைந்த ஒரு பள்ளி, மானாவாரி உழவரையே பின்பற்றுவது விவேகம்.

காய்கறிப் பாத்திகளுக்கு வருவோம். இரண்டு சென்ட் நிலம் போதும். அழகர்கோவில் பக்கத்து மண் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். ஆட்டெருவோ தொழுவுரமோ கலந்தால்தான் ஈரம் பிடிக்கும். மழைக்காலத்தில் பாத்தியை மேடாகப் போடுங்கள். இல்லையேல் கார்த்திகை அடைமழையில் நாற்று அழுகிவிடும். கீரை விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவி, மழை அடித்துப் போகாதபடி மேலே மெல்லியதாக வைக்கோல் பரப்பிவிடுங்கள். அரைக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும். முள்ளங்கி, கொத்தமல்லி இரண்டும் இந்தக் குளிர்ச்சியை விரும்புகின்றவை. வெண்டையும் கத்தரியும் தக்காளியும் தைக்குள் காய்க்கும். அரையாண்டு விடுமுறை பத்து நாட்களுக்குள் முடிந்துவிடுவதாலும், பனி ஈரம் இருப்பதாலும், தோட்டம் அந்த இடைவெளியைத் தாங்கும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த செடி கொடி அவரை. காரணம், அது ஒரு கடிகாரம். ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை, ஆவணி, புரட்டாசி முழுவதும் கொடியும் இலையுமாகப் படர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பூவும் காட்டாது. பகல் குறுகத் தொடங்கியபின் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 43 நிமிஷம். மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 32 நிமிஷம். இரண்டுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. நீங்களும் நானும் இதைக் கவனிப்பதே இல்லை. அவரை கவனிக்கிறது! 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளர் கார்னர், அல்லார்டு என்னும் இருவர், ஒருவகைப் புகையிலைச் செடி பகல் குறைந்தால்தான் பூக்கிறது என்பதைக் கண்டு வெளியிட்டார்கள். செடி உண்மையில் அளப்பது பகலை அன்று, இடையறாத இரவின் நீளத்தை என்பது பிற்பாடு தெளிவாயிற்று. செவ்வந்தியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நாள் நீளத்தைப் பொருட்படுத்தாமல் காய்க்கும் செடி அவரை வகைகளும் இன்று உண்டு. அவற்றைப் பக்கத்தில் ஊன்றி ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் பள்ளி வாசலில் இரவு முழுவதும் தெருவிளக்கு எரிகிறதா? அதன் அடியில் ஒரு கொடியும், இருட்டான மூலையில் ஒரு கொடியும் படரவிட்டு, எது முன்னே பூக்கிறது என்று நாள் குறித்துவாருங்கள். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

அவரை பூத்த சில நாட்களில் அதன் தளிரில் கருநிறப் புள்ளிகளாக அசுவினி ஒட்டிக்கொள்ளும். உடனே மருந்து தெளிக்கப் பறக்காதீர்கள். ஒரு வாரம் சும்மா இருந்து பாருங்கள். அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் வரிசை வைத்து ஏறும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டும் அதன் புழுவும் வரும். எறும்பு பொறிவண்டை விரட்டும். உணவுச் சங்கிலி என்று பாடநூலில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருப்பது இங்கே ஒரு முழம் கொடியில் நடக்கும். காய்ப்பு கொஞ்சம் குறையலாம். பள்ளித் தோட்டம் சந்தைக்கு அனுப்புகிற தோட்டம் அன்று.

இனி, தோட்டத்தின் ஓரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி என்றால் தரை துடைத்ததுபோல் இருக்க வேண்டும் என்பது நம்மிடையே ஊறிவிட்ட எண்ணம். வெள்ளிக்கிழமைதோறும் சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகை வகுப்பறைக்குள் வருகிறது என்பது ஒரு புறம் இருக்கட்டும். அழகர்மலையில் சருகை யாரும் கூட்டுவதில்லை. அங்கே பெய்யும் மழை முதலில் இலையிலும் பிறகு சருகிலும் விழுந்து, வேகம் தணிந்து, மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த நீரே பாறைப் பிளவுகள் வழியே ஊறிச் சுனைகளாக வெளிப்படுகிறது. நூபுர கங்கை என்றும் சிலம்பாறு என்றும் மக்கள் போற்றி நீராடும் ஊற்றுக்கும் மலைக்காட்டுக்கும் உள்ள உறவை, பள்ளி முற்றத்திலேயே காட்டிவிடலாம். இரு பக்கமும் திறந்த தகர டப்பா ஒன்றை எடுத்து, கூட்டிக் கூட்டி இறுகிப்போன முற்றத்து மண்ணில் இரண்டு அங்குலம் அழுத்துங்கள். அதில் ஒரு தம்ளர் நீர் ஊற்றி, அது முழுவதும் உள்ளே இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு அதே டப்பாவை, சருகு மூடிக் கிடக்கும் மரத்தடியில் அழுத்தி அவ்வாறே செய்யுங்கள். விடையை நான் சொல்லப் போவதில்லை; செய்து பார்ப்பவர்களுக்கு அது மறக்காது.

சருகைக் காப்பாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசியை ஒட்டி வடக்கேயிருந்து ஒரு விருந்தாளி வருகிறது. புறாவைவிடச் சிறிய, வால் குட்டையான பறவை. பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் மார்பு, அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் இதற்கு ஆறுமணிக்குருவி என்றே பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்னாட்டில் கழிக்கின்றது. பயணக் களைப்பில் தோட்டங்களிலும் வீட்டு முற்றங்களிலும் வந்து விழுவதும் உண்டு. இதன் உணவு சருகைப் புரட்டினால் கிடைக்கும் புழுவும் பூச்சியும். நாம் சருகைக் கொளுத்தினால், ஆயிரம் மைல் பறந்து வந்த விருந்தாளியின் இலையைப் பறித்துவிட்டவர்கள் ஆகிறோம். பள்ளி மதிலோரம் பத்தடி அகலத்துக்குச் சருகை அப்படியே விட்டுவையுங்கள். அங்கே கிலுகிலுப்பைச் செடி நான்கும், கறிவேப்பிலை ஒன்றும் வளரட்டும். எருக்கு இருந்தால் வெட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து மேற்கே கூட்டமாக இடம்பெயரும் வண்ணத்துப்பூச்சிகள் கிலுகிலுப்பையில் மொய்ப்பதை நீங்கள் காணக்கூடும்.

மலையடிவாரப் பள்ளிகளுக்கு இன்னொரு விருந்தாளியும் உண்டு; அது அழைக்காமல் வருவது. குரங்கு! அதைப் பற்றி எந்தத் தோட்டக்கலை நூலிலும் எனக்கு நல்ல ஆலோசனை கிடைக்கவில்லை. ஆடும் தொடாத ஆடாதோடையும் நொச்சியும் தப்பும், தக்காளி தப்பாது. அழகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் மண்ணுக்குள் விளைகின்றவற்றை மிகுதியாக நடுவது அனுபவத்தில் வந்த அறிவு.

மண்ணுக்குள் விளைவது என்றதும் பனை நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டின் மாநில மரம் அது. புரட்டாசியில் பனங்கொட்டையைப் பொறுக்கி, இளகிய மண்ணில் நெருக்கமாக அடுக்கி மூடிவையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, பருவமழை போதும். பொங்கலுக்குத் தோண்டினால் கிழங்கு தயார். அவிப்பதற்கு முன் ஒன்றைக் கொட்டையோடு எடுத்துப் பாருங்கள். பனை முதலில் மேலே வருவதே இல்லை. விதையிலிருந்து ஒரு குழல் நேரே கீழே இறங்கி, தன் முளையை ஆழத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இலை அங்கிருந்தே புறப்படுகிறது. கோடையில் மேல்மண் காய்ந்தாலும் முளை பிழைத்திருப்பதற்கு இந்த ஏற்பாடு. வறண்ட நாட்டு மரம் ஒன்று தன் குழந்தையை வளர்க்கும் முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியாது. பாடம் முடிந்தபின் அதைத் தின்னவும் செய்யலாம்.

மழையை நம்பச் சொல்கிறேன். அது பொய்ப்பதும் உண்டு. 2016-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோயிற்று. ஆகையால் ஒவ்வொரு பள்ளியும் மழையை அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவை வெட்டவெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு அளவுகோலால் நீரின் உயரத்தை அளந்தால் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். உங்கள் பள்ளியின் கூரை 100 சதுர மீட்டர் என்றால், 25 மில்லிமீட்டர் பெய்த ஒரே மழையில் அதன்மேல் 2,500 லிட்டர் விழுகிறது. சிந்தியது, சிதறியது போக 2,000 லிட்டர் கைக்கு வரும். இரண்டு சென்ட் தோட்டம் நாளொன்றுக்கு 400 லிட்டர் கேட்டாலும் ஐந்து நாட்களுக்கு ஆயிற்று. 2003-ஆம் ஆண்டு முதல் மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயம். குழாய் போட்டிருப்பார்கள், அது எங்கே போய் முடிகிறது என்று ஒருநாள் அதன் வழியே நடந்து பாருங்கள்.

இவையெல்லாம் புதிய யோசனைகள் அல்ல. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். நூற்பும் வேளாண்மையும் அதில் பாடத்தோடு இணைந்த தொழில்கள். மதுரை மாவட்டத்திலேயே தே.கல்லுப்பட்டியில் 1940-ஆம் ஆண்டு தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமம் அந்தக் கல்வியை நடத்தியது. கிராமப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்ததும் அங்கேதான். அந்த இயக்கம் ஏன் பரவாமல் தேய்ந்தது என்பது தனிப் பேச்சு. எனக்குத் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன்: பல பள்ளிகளில் களை பறிப்பது தண்டனை ஆகிவிட்டது. தாமதமாக வந்தவன் தண்ணீர் இறைக்க வேண்டும், வீட்டுப்பாடம் எழுதாதவன் புல் செதுக்க வேண்டும் என்றால், எந்தப் பிள்ளைக்கு மண்ணின்மேல் ஆசை வரும்? இன்று சட்டமும் திட்டமும் நம் பக்கம் இருக்கின்றன. எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கல்வி வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. 2001-ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை அமைந்தது. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையிலேயே தொடங்கப்பெற்றது. பல பள்ளிகளில் இப்போது காலையும் மதியமும் அடுப்பு எரிகிறது. அரிசி கழுவிய நீர், காய்கறித் தோல் இரண்டும் தோட்டத்துக்குச் செல்வமாகும். தண்டனையாகச் செய்யும் வழக்கத்தை மட்டும் நாம் விட்டுவிட்டால் போதும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தோட்டம் மதிலோடு முடிய வேண்டியதில்லை. பரிபாடலிலும் சிலப்பதிகாரத்திலும் இடம்பெற்ற பழைய மலை இது. திருமாலிருஞ்சோலை, பழமுதிர்சோலை என்று இரு கோவில்களின் பெயரிலும் சோலையே இருக்கிறது. பழமுதிர்சோலை நாவல் மரம் ஊர் நாவலைப்போல் ஆனி, ஆடியில் பழுக்காமல் ஐப்பசியில் பழுக்கும் என்று கோவிலுக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். சொல்வதை மறுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். ஊர் நாவல் ஒன்று, மலை நாவல் ஒன்று என்று தேர்ந்து, வாரம் ஒரு முறை தளிர், பூ, பிஞ்சு, பழம் எது இருக்கிறது என்று ஐந்து ஆண்டுகள் குறித்துவைத்தால், நாட்டுக்கு உதவும் ஒரு குறிப்பேடு ஆகும். சற்றுத் தொலைவில் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. அதையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியுள்ளன. கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழி, தையில் அங்கே ஒரு காலைப்பொழுதைக் கழித்து வாருங்கள்.

கோடை விடுமுறைதான் தீராத தொல்லை. சித்திரை, வைகாசியில் பள்ளிக்கு யார் வருவார்? நான் முதலில் சொன்ன மலையடிவாரப் பள்ளியில், படம் வரைந்த அந்த வகுப்பு அடுத்த ஐப்பசியில் 20 கன்றுகள் நட்டது. மாசியில் கதவு திறந்துகிடந்த ஒரு நாளில் ஆடு புகுந்து நான்கைத் தின்றுவிட்டது. பங்குனியில் அடிமரத்தைச் சுற்றிச் சருகு மூட்டம் போட்டார்கள். கோடைக்கு மட்டும், கன்றுக்கு ஒரு வீடு என்று பள்ளிக்கு அருகே குடியிருக்கும் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். வாரத்துக்கு இரண்டு குடம். மீண்டும் பள்ளி திறந்தபோது 13 கன்றுகள் துளிர்த்திருந்தன. 40-க்கு 3 எங்கே, 20-க்கு 13 எங்கே!

அந்த ஆண்டு காய்த்த அவரையில் முற்றிய நெற்றுகளை அவர்கள் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டார்கள். பிறகு உரித்து, சாம்பலில் புரட்டி, ஒரு கண்ணாடிக் குடுவையில் இட்டு, தலைமையாசிரியர் அறை அலமாரியில் வைத்திருக்கிறார்கள். குடுவையின்மேல் ஒட்டிய சீட்டில் 'ஆடி 18-க்கு எடுக்கவும்' என்று எழுதியிருக்கிறது.